பையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்

1787 ஏப்ரல் 16ஆம் தேதி நியூயார்க்கின் ஜான் தெரு நாடக அரங்கில் 'தி கான்ட்ராஸ்ட்' என்ற நகைச்சுவை நாடகம் மேடையேறியது. எழுதியவர் ராயல் டைலர். அமெரிக்கர் ஒருவர் எழுதி, தொழில்முறைக் குழு ஒன்று நடித்த முதல் நகைச்சுவை நாடகம் என்று இலக்கிய வரலாறுகளில் அதற்கு ஓர் இடம் உண்டு. அதில் ஜானதன் என்று ஒரு பணியாள் வருகிறான். கிராமத்தான், வெள்ளந்தி, வாய் கொஞ்சம் நீளம். மாசசூசெட்ஸ் விவசாயிகளின் கலகம் அப்போதுதான் அடங்கியிருந்தது. அந்தப் பேச்சு வரும்போது, தளபதி ஷேஸ் நைசாக நழுவிவிட்டார், பை எங்கள் கைக்கு வந்துவிட்டது என்கிற தொனியில் அவன் அலுத்துக்கொள்கிறான்.

டேனியல் ஷேஸ் விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர். போர் முடிந்து ஊர் திரும்பிய விவசாயிகளைக் கடனும் வரியும் நெரித்தன. நிலம் ஜப்தி, கடனாளிக்குச் சிறை என்று நிலைமை முற்றியபோது 1786இல் அவர்கள் திரண்டு நீதிமன்றங்களை நடக்கவிடாமல் தடுத்தார்கள். 1787 ஜனவரி 25இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கை நோக்கிப் போனார்கள். பீரங்கி வெடித்தது, நான்கு பேர் செத்தார்கள், கூட்டம் கலைந்தது. ஷேஸ் வெர்மான்ட் பக்கம் தப்பிப் போனார். 1788இல் அவருக்கு மன்னிப்பும் கிடைத்தது. இடையில், நாடகம் மேடையேறி எட்டு மாதம் கழித்து, 1787 டிசம்பரில் ஜான் பிளை, சார்லஸ் ரோஸ் என்ற இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். கலகத்தை நடத்தியவர்கள் என்று யாரும் நினைவு வைத்திருக்காத இரண்டு பெயர்கள். கலவரச் சமயத்தில் கொள்ளையடித்தார்கள் என்பது அவர்கள் மீதிருந்த குற்றம்.

'லெஃப்ட் ஹோல்டிங் த பேக்' என்று இன்றைக்கு அமெரிக்கர்கள் சொல்வதன் மூத்த வடிவம்தான் ஜானதன் வாயில் வந்தது. கூட்டாகச் செய்த காரியம் கெட்டுப்போய், மற்றவர்கள் ஓடிவிட, ஒருவன் மட்டும் தடயத்தோடு நிற்பது. உள்ளான் வேட்டை என்று ஒரு குறும்பு அமெரிக்கக் கிராமங்களில் உண்டு. புதிதாக வந்த பையனை இருட்டில் ஒரு கோணிப்பையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, 'நாங்கள் பறவையை விரட்டிக்கொண்டு வருகிறோம்' என்று போய், வீட்டில் படுத்துத் தூங்கிவிடுவார்கள். பை வந்த வழி அதுதான் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அந்த வேட்டை பற்றிய பதிவுகள் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சொற்றொடர் அதற்கு மூத்தது.

பழி சுமப்பது, தண்டனை வாங்குவது பற்றிய ஆங்கிலக் கொச்சை வழக்குகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. அவற்றில் பழி என்பது பெரும்பாலும் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள். பை, கேன், கைக்குழந்தை, சீட்டாட்டக் காய். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே இருக்கும், கடைசியில் யாரிடமாவது நிற்கும். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்று நாம் சொல்வதும் இதைத்தான். ஆனால் நம் பழமொழியில் பழிக்கு ஆளானவர் அப்பாவி என்பது உள்ளுறையாக இருக்கிறது. ஆங்கிலக் கொச்சை அந்த அளவுக்கு இரக்கப்படுவதில்லை. பை வைத்திருப்பவனும் திருடனாக இருக்கலாம். 'இவன் செய்தானா?' என்பது நீதிமன்றத்தின் கேள்வி. 'இவன் மட்டும் ஏன்?' என்பது கொச்சையின் கேள்வி.

மறைநூலிலிருந்து வந்த சொல் ஒன்றிலும் பழி இப்படித்தான் கைமாறுகிறது. எபிரேய மறைநூலின் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் பாவநிவிர்த்தி நாளின் சடங்கு விவரிக்கப்படுகிறது. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். சீட்டுப் போட்டு ஒன்றைக் கடவுளுக்குப் பலியிடுவார்கள். மற்றதன் தலையில் தலைமைக் குரு கைவைத்து மக்களின் பாவங்களை எல்லாம் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார். அந்த இரண்டாவது ஆடு 'அசாசேலுக்கு' உரியது என்கிறது எபிரேய மூலம். அசாசேல் என்பது பாலைவனத்தில் வாழும் ஒரு தீய ஆவியின் பெயர் என்று கொள்பவர்கள் உண்டு. அதை 'போய்விடும் ஆடு' என்று இரண்டு சொல்லாகப் பிரித்து வாசித்தவர்களும் உண்டு. கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகள் இந்த இரண்டாம் வழியில் போயின. 1530இல் மோசேயின் ஐந்து நூல்களை ஆங்கிலத்தில் அச்சிட்ட வில்லியம் டிண்டேலும் அதே வழியில் போய், தப்பிப் போகும் ஆடு என்ற பொருளில் 'ஸ்கேப்கோட்' என்று ஒரு சொல்லைக் கட்டினார். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'போக்காடு' என்று இருக்கிறது. கட்டமைப்பில் அதுவும் இதேதான், டிண்டேலின் சொல்லைவிடக் கச்சிதமானது என்பேன்.

நாம் ஸ்கேப்கோட் என்பதற்குப் 'பலிகடா' என்று எழுதிப் பழகிவிட்டோம். சடங்கைப் பார்த்தால் பலிகடா மற்ற ஆடு. பழி சுமந்த ஆடு உயிரோடு போனது. போனது என்றால் லேவியராகமத்தின்படி. எருசலேம் இரண்டாம் ஆலயத்தின் காலத்து நடைமுறையை விவரிக்கும் மிஷ்னா, நூல் வேறு, நடப்பு வேறு என்று காட்டிவிடுகிறது. ஆட்டை ஓட்டிப் போனவன் ஒரு செங்குத்துப் பாறையை அடைந்ததும் சிவப்புக் கம்பளி நூலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பாறையிலும் மறுபாதியைக் கொம்புகளுக்கு இடையிலும் கட்டி, ஆட்டைப் பின்னோக்கித் தள்ளிவிடுவானாம். பாதி வழி உருள்வதற்குள் அது சிதறிவிடும் என்கிறது அந்த நூல். பாவத்தைச் சுமந்த ஆடு ஊருக்குத் திரும்பி வந்துவிடக் கூடாதே என்ற பயம் இருந்திருக்க வேண்டும்.

டிண்டேலின் சொல் கிட்டத்தட்ட மூன்று நூற்றாண்டுகள் தேவாலயத்துக்குள்ளேயே இருந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அடுத்தவன் குற்றத்துக்கு அடிபடும் மனிதனைக் குறிக்க இறங்கி வந்தது. டிண்டேலைப் பொறுத்தவரை, மொழிபெயர்த்த குற்றத்துக்கும் அதனோடு சேர்ந்த சமயக் கொள்கைகளுக்கும் 1536இல் பிரசல்ஸுக்குப் பக்கத்தில் கழுத்தை நெரித்து எரித்தார்கள். அவருடைய சொற்கள் ஏராளமாக, அவர் பெயர் இல்லாமல், அரசர் ஜேம்ஸ் ஆணையிட்ட 1611 விவிலியத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

'விப்பிங் பாய்' கதை இதைவிடப் பிரபலம். இளவரசன் தப்புச் செய்தால் அவனை அடிக்க ஆசிரியருக்கு உரிமை கிடையாது. கடவுள் அருளால் ஆளப்போகிறவன் அல்லவா? ஆகவே கூடப் படிக்கும் ஒரு பையனை அடிப்பார்கள், நண்பன் அடிபடுவதைப் பார்த்து இளவரசன் திருந்துவான். ஆறாம் எட்வர்டுக்குப் பார்னபி ஃபிட்ஸ்பேட்ரிக், முதலாம் சார்லசுக்கு வில்லியம் மர்ரே என்று பெயரெல்லாம் சொல்வார்கள். சாமுவேல் ரௌலி 1605இல் வெளியிட்ட நாடகத்தில் இப்படி ஒரு காட்சி உண்டு. மார்க் ட்வெயினின் 'இளவரசனும் ஏழையும்' நாவலில் (1881) சம்பளத்துக்கு அடி வாங்கும் ஹம்ஃப்ரி என்ற பையன் வருகிறான். ஆனால் அந்தந்த அரசர்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட எந்த ஆவணத்திலும் இந்த வழக்கத்துக்குச் சான்று கிடையாது. எதிர்ச்சான்றாக ஒரு கதை வேண்டுமானால் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் சிறுவ அரசர் ஆறாம் ஜேம்ஸுக்கு ஆசிரியராக இருந்த ஜார்ஜ் புக்கானன், அரசரையே பிரம்பால் விளாசியவர் என்று பெயர் எடுத்தவர். அரண்மனைப் பெண்மணி ஒருவர் பதறியபோது அவர் சொன்னதாக வழங்கும் பதில் அச்சில் ஏற்றத் தகாதது.

நாடக மேடையில் பிறந்த ஒரு வழக்கத்தை நிஜ அரண்மனையில் நடந்ததாக இவ்வளவு காலம் நம்பியது ஏன் என்பதுதான் சுவாரஸ்யம். மேலிடத்துத் தப்புக்குக் கீழே இருப்பவன் அடி வாங்குவான் என்பது எல்லோருக்கும் தெரிந்த நடப்பு. அதற்கு ஒரு பதவியும் சம்பளமும் இருந்ததாகக் கேட்டால் யாருக்கும் ஆச்சரியம் வருவதில்லை.

பிரிட்டிஷ் ராணுவமும் கடற்படையும் இந்த நடப்பை வேறு கோணத்தில் சொல்லின. 'கேரி த கேன்'. 1920களின் முடிவில் மாலுமிகளின் பேச்சுவழக்கைத் தொகுத்தவர்கள் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்குச் சேர்த்து பீர் வாங்கிவர ஒருவனை அனுப்புவார்கள். தூக்கிக்கொண்டு வருவதும் அவன், காலி கேனைத் திருப்பிக் கொடுப்பதும் அவன். வழியில் அதிகாரி பார்த்தால் மாட்டுவதும் அவன். குடித்தது எல்லோரும். சொல்லப்படும் விளக்கங்களில் நம்பத்தகுந்தது இதுதான். குழுவில் இளையவன் அல்லது எதிர்த்துப் பேசத் தெரியாதவன் அந்த வேலைக்குப் போவான் என்பதை எந்த அகராதியும் சொல்லத் தேவையில்லை.

'டேக் த ராப்' என்பதில் பொருள் எதுவும் கைமாறுவதில்லை, அடி மட்டும்தான். ராப் என்றால் விரல் முட்டியால் வைக்கும் ஒரு குட்டு. அது 18ஆம் நூற்றாண்டில் கண்டனமாக வளர்ந்து, அமெரிக்காவுக்குப் போய்க் குற்றச்சாட்டாகி, 20ஆம் நூற்றாண்டில் சிறைத்தண்டனையாகவே ஆகிவிட்டது. நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்புகளில் உச்ச நீதிமன்றம் அரசை 'ராப்' செய்வதும், அதே நாள் தமிழ் நாளிதழில் 'குட்டு' வைப்பதும் வழக்கம். இரண்டு மொழியும் யோசிக்காமலே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆனால் 'குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும்' என்கிறவர்கள் நாம். யார் குட்டுகிறார் என்பது நமக்கு முக்கியம். நியூயார்க், சிகாகோ கும்பல்களின் பேச்சில் யாருக்காகக் குட்டு வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம். தலைவனுக்காக வாங்கினால் குடும்பத்துக்குப் பணம் போகும். 'பேட்சி' என்றால் அந்தப் பேரம்கூட இல்லாமல் ஏமாந்து மாட்டியவன். 1963 நவம்பர் 22 இரவு டல்லாஸ் காவல்நிலையத் தாழ்வாரத்தில் அதிபர் கென்னடி கொலையில் பிடிபட்ட லீ ஹார்வி ஆஸ்வால்ட் நிருபர்களிடம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட சொல் அது. இரண்டு நாளில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டதால் அந்த ஒரு சொல்லின் மீது நூலகம் நூலகமாக எழுதிக் குவித்துவிட்டார்கள்.

அமெரிக்கக் கொச்சையில் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. 'அப் த ரிவர்' அனுப்பப்பட்டவர் சிறைக்குப் போனவர். நியூயார்க் நகரத்திலிருந்து ஹட்சன் ஆற்றில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மேலே போனால் சிங் சிங் சிறை. 1825இல் ஆபர்ன் சிறையிலிருந்து சுமார் 100 கைதிகளைப் படகில் கொண்டுவந்து, அங்கேயே கல் உடைக்க வைத்து, தங்களுக்கான சிறையைத் தாங்களே கட்ட வைத்தார்கள்.

மற்ற ஆறு மிசிசிப்பி. 'சோல்ட் டௌன் த ரிவர்' என்றால் இன்றைக்கு நம்பிக்கைத் துரோகம். சம்பள உயர்வு கிடைக்காத ஊழியர் சங்கத்தைத் திட்டுவதற்கும், கட்சித் தலைமை கூட்டணியில் தொகுதியை விட்டுக்கொடுத்தால் தொண்டர் புலம்புவதற்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை அமெரிக்கா தடைசெய்த பிறகு உள்நாட்டு வியாபாரம் கொழுத்தது. வர்ஜீனியாவிலிருந்தும் கென்டக்கியிலிருந்தும் மனிதர்களை வாங்கி, ஆற்றோடு கீழே மிசிசிப்பி, லூசியானாவின் பருத்தி, கரும்புத் தோட்டங்களில் விற்றார்கள். இப்படித் தெற்கே நகர்த்தப்பட்டவர்கள் சுமார் 10 லட்சம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. கீழே போனவர்கள் தாயையோ பிள்ளையையோ மறுபடி பார்ப்பது அரிது. ஆகவே 'விற்றுவிடுவேன்' என்பதே வீட்டு எஜமானர்களின் தண்டனையாக இருந்தது, சவுக்கைவிடப் பயங்கரமான தண்டனை. மார்க் ட்வெயினின் 'புடன்ஹெட் வில்சன்' (1894) இதில்தான் தொடங்குகிறது. வீட்டில் சில்லறைப் பணம் காணாமல் போகிறது. எடுத்தவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் எல்லோரையும் ஆற்றோடு கீழே விற்றுவிடுவேன் என்கிறார் எஜமானர். அந்தத் திருட்டில் பங்கில்லாத ராக்சானா, தன் குழந்தைக்கும் ஒருநாள் இந்தக் கதி வரும் என்று நடுங்கி, எஜமானர் குழந்தையோடு அதைத் தொட்டிலில் மாற்றி வைத்துவிடுகிறாள். மொத்த நாவலும் அந்த மிரட்டலின் விளைவு. சம்பளப் பிரச்சினைக்கு இந்தச் சொற்றொடரை எடுத்துவீசுவது எனக்குக் கூசுகிறது. ஆனால் கொச்சைக்கு நினைவு கிடையாது, அதனிடம் மரியாதையை எதிர்பார்த்துப் பயனில்லை.

இதுவரை சொன்னவை கீழிருந்து எழுந்தவை. அதிகாரத்தின் பக்கம் நின்று பேசும் வழக்குகளும் உண்டு. அவை அவ்வளவு சுவையானவை அல்ல. நீதிபதி சட்டப் புத்தகத்தையே தூக்கி எறிகிறார். 'ஹால் ஓவர் த கோல்ஸ்' என்பதில், மதவிரோதிகள் கனலில் இழுக்கப்பட்ட நினைவு மேலாளரின் வசவாகச் சுருங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் எஜமானரின் அறைக் கம்பளத்தின் மீது வேலைக்காரர் நிறுத்தப்பட்டால் டோஸ் வாங்கப்போகிறார் என்று பொருள். வேலைக்காரர்கள் புழங்கும் பகுதியில் கம்பளம் கிடையாது. கம்பளம் விரித்து வரவேற்கும் நமக்கு இது சற்று விநோதமாகவே படும்.

இந்த வகையில் நின்று பார்க்க வேண்டியது கலகச் சட்டம் ஒன்றுதான். பிள்ளைகளை அம்மா சத்தம் போட்டு அடக்கினால் 'ரீட் த ரயட் ஆக்ட்' என்கிறார்கள். அது நிஜமாகவே வாசிக்கப்பட்ட ஒரு சட்டம். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய அது 1715 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேலோ கலவரமாகக் கூடியிருந்தால், மாஜிஸ்திரேட் அவர்கள் முன் நின்று சட்டத்தில் உள்ள அறிவிப்பை உரக்க வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் கலையாதவர்களுக்கு மரண தண்டனை வரை போகலாம். கல் பறந்துகொண்டிருக்கும் தெருவில் காகிதத்தைப் பிரித்து வாசிக்கும் அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். ஒரு சொல்லைக்கூட விடக் கூடாது. முடிவில் அரசரைக் கடவுள் காக்க என்று சொல்ல மறந்ததற்காகவே தண்டனைகள் ரத்தானது உண்டு. வாசித்தது யாருக்குக் கேட்டது, வாசிக்கவே செய்தார்களா என்ற சர்ச்சை 1819 மான்செஸ்டர் பீட்டர்லூ படுகொலையிலும் எழுந்தது. இங்கிலாந்தில் 1967இல் சட்டம் ஒழிந்தது. வீட்டில் வாசிப்பது மட்டும் தொடர்கிறது.

பழியைக் கைமாற்றுவதற்கு அமெரிக்கர்கள் 'பாஸ் த பக்' என்பார்கள். போக்கர் ஆட்டத்தில் அடுத்துச் சீட்டுப் போட வேண்டியவர் முன்னால் வைக்கும் அடையாளம் பக். மான்கொம்புப் பிடி போட்ட கத்தியை அதற்காக வைத்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். வேண்டாமென்றால் அடுத்தவர் பக்கம் தள்ளலாம். போக்கர் பைத்தியமான அதிபர் ஹாரி ட்ரூமனின் மேசையில், பக் இங்கேதான் நிற்கும் என்ற பொருளில் ஒரு பலகை இருந்ததை அறிந்தவர்கள் நிறையப் பேர். அது எங்கே செய்யப்பட்டது என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி. ஓக்லஹோமாவின் எல் ரீனோ நகரத்தில் இருந்த மத்திய அரசுச் சீர்திருத்தச் சிறையில் அதுபோன்ற ஒரு பலகையை ட்ரூமனின் நண்பர் ஒருவர் பார்த்து, அங்கேயே இன்னொன்று செய்ய வைத்து 1945 அக்டோபரில் அனுப்பினார். தண்டனை அனுபவிக்கும் இடத்திலிருந்து பொறுப்பேற்கும் வாசகம் வெள்ளை மாளிகைக்குப் போயிருக்கிறது.

1980களில் புழக்கத்துக்கு வந்து, 2008 அமெரிக்கத் தேர்தலில் காதைத் துளைத்த 'த்ரோ அண்டர் த பஸ்' வேறு ரகம். பழைய வழக்குகளில் செயல் எல்லாம் மாட்டியவனுடையது. கேனைத் தூக்குகிறான், பையைப் பிடிக்கிறான், குட்டு வாங்குகிறான். அவனை அங்கே நிறுத்தியவர் வாக்கியத்திலேயே இல்லை. பஸ் வழக்கில் தள்ளியவர் எழுவாயாக வந்து முன்னால் நிற்கிறார். தமிழில் 'மாட்டிவிட்டான்' என்று நாம் எப்போதுமே அந்த ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுவோம். அந்த ஆண்டு மார்ச்சில் தன் பாதிரியாரின் பேச்சுக்களுக்கு விளக்கம் சொன்ன ஒபாமா, வளர்த்த பாட்டியின் இனத் தப்பெண்ணங்களையும் குறிப்பிட்டார். பாட்டியையே பஸ்ஸுக்கு அடியில் தள்ளிவிட்டார் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. அரசியல்வாதிக்கு இந்த வழக்கு அதனால்தான் ஆபத்து. அது எப்போதும் தள்ளியவரின் பெயரைக் கேட்கும்.

'ஃபால் கை' என்பதற்கு வருவோம். அடுத்தவருக்காக விழுபவன். வெடிமருந்துச் சதியில் 1605இல் பிடிபட்ட கை ஃபாக்ஸிடமிருந்து வந்தது என்பது ஒரு கட்டுக்கதை. அதிபர் ஹார்டிங்கின் உள்துறை அமைச்சர் ஆல்பர்ட் ஃபாலின் பெயரிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. திருடர் பாஷையில் 'ஃபால்' என்றால் கைது. சொற்றொடர் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே இருக்கிறது. அமைச்சர் ஃபால் 1921இல்தான் பதவியேற்றார். ஆனால் அவர் கதை சொற்றொடருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருப்பதால் ஜனங்கள் விடவில்லை. கடற்படைக்கு ஒதுக்கிய எண்ணெய் வயல்களை டீப்பாட் டோமில் எண்ணெய் முதலாளி ஹாரி சின்க்ளேருக்கும், எல்க் ஹில்ஸில் எட்வர்ட் டொஹெனிக்கும் அவர் ஏலமின்றிக் குத்தகைக்கு விட்டார். டொஹெனியின் மகன் ஒரு கறுப்புப் பையில் ஒரு லட்சம் டாலரை ரொக்கமாகக் கொண்டுவந்து கொடுத்தார். 1929 அக்டோபரில் ஒரு ஜூரி, அந்தப் பணத்தை ஃபால் லஞ்சமாக வாங்கியது உண்மை என்றது. 1930 மார்ச்சில் இன்னொரு ஜூரி, அதே பணத்தை டொஹெனி லஞ்சமாகக் கொடுக்கவில்லை என்று விடுவித்தது. 1931இல் ஃபால் சிறைக்குப் போனார், பதவியில் செய்த குற்றத்துக்குச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சராக. அவர் பணம் வாங்கினார் என்பதில் சந்தேகமே இல்லை. கொடுத்தவர் இல்லாமல் எப்படி வாங்கினார் என்பதுதான் சட்டத்தின் விந்தை.

2007இல் வாஷிங்டனில் துணை அதிபர் டிக் செய்னியின் முன்னாள் தலைமை அலுவலர் லூயிஸ் லிபி மீது வழக்கு நடந்தது. சி.ஐ.ஏ. அதிகாரி ஒருவரின் பெயர் பத்திரிகைக்குக் கசிந்தது பற்றிய விசாரணையில் பொய் சொன்னார், விசாரணையைத் தடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அதிபரின் ஆலோசகர் கார்ல் ரோவைக் காப்பாற்ற இவரைப் பலிகொடுக்கப் பார்த்தார்கள் என்று லிபியின் வழக்கறிஞர் தொடக்க உரையிலேயே வாதாடினார். மார்ச் 6ஆம் தேதி ஐந்தில் நான்கு குற்றச்சாட்டுகளில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. வெளியே வந்த ஜூரி உறுப்பினர் ஒருவர் நிருபர்களிடம், அந்த மனிதர் மீது தங்களுக்கு அனுதாபம் இருந்தது, அவர் ஃபால் கை என்றே தங்களுக்குத் தோன்றியது, ரோவ் எங்கே, மற்றவர்கள் எங்கே என்று அறைக்குள் கேட்டுக்கொண்டோம் என்றார். தண்டனை 30 மாதம். அதிபர் புஷ் சிறைவாசத்தை ரத்துசெய்தார், 2018இல் டிரம்ப் முழு மன்னிப்பு கொடுத்தார். பெயரைக் கசியவிட்ட குற்றத்துக்காக யார் மீதும் வழக்கு பதிவாகவில்லை.